கார்த் தெ விஸித்: படத்தின் முதுகில் ஒரு விலாசம்

பிரெஞ்சில் 'கார்த் தெ விஸித்' என்றால் நாம் விசிட்டிங் கார்டு என்கிறோமே, அதுதான். ஆனால் பழைய புகைப்படங்களைச் சேர்த்து வைப்பவர்களிடம் இதே சொல்லைச் சொன்னால், அவர்கள் வேறொன்றை எடுத்துக் காட்டுவார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு அட்டை. முன்பக்கத்தில் யாரோ ஒருவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி விறைப்பாக நிற்கும் பழுப்பு நிறப் படம். பின்பக்கத்தில் அந்தப் படத்தைப் பிடித்தவரின் பெயரும் விலாசமும்.

ஒரே சொல் எப்படி இரண்டு பொருளுக்குப் போய் உட்கார்ந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூடவே இன்னொன்றும் உண்டு. ஸ்டூடியோ வைத்திருப்பவர் தமக்கென்று ஒரு விசிட்டிங் கார்டு அடித்தால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று இன்றும் பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பாதி விடை, ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸ் வீதிகளில் கிடைத்துவிட்டது.

வாசலில் கொடுத்த சீட்டு

புகைப்படம் வருவதற்கு முன்பே பிரான்சில் கார்த் தெ விஸித் இருந்தது. ஒருவர் வீட்டுக்குப் போனால் வாசலில் வேலையாளிடம் தம் பெயர் அச்சிட்ட சீட்டைக் கொடுப்பார்கள். வீட்டுக்காரர் பார்க்க விரும்பினால் உள்ளே அழைப்பார். இல்லையென்றால் சீட்டு மட்டும் தட்டில் கிடக்கும். வேலையாள் மூலம் அனுப்பாமல் தாமே நேரில் வந்து கொடுத்தோம் என்பதைக் காட்டச் சீட்டின் ஒரு மூலையை மடித்து வைப்பதும் வழக்கம். ஆக, அந்தச் சீட்டு ஆளுக்குப் பதிலாக வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆளே இல்லாதபோது ஆளை நினைவூட்டுவதுதான் அதன் வேலை.

1839 ஆகஸ்ட் 19-ஆம் தேதி பாரிஸில் தகேரின் புகைப்பட முறையை அரகோ என்னும் விஞ்ஞானி அறிவியல் கழகத்தின் முன் விளக்கினார். பிரெஞ்சு அரசாங்கம் தகேருக்கும் அவருடைய கூட்டாளியான நியெப்ஸின் மகனுக்கும் ஆயுள் பென்ஷன் கொடுத்து முறையை வாங்கி உலகுக்கு வெளியிட்டது. தகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க், நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்க். பென்ஷன் வாங்குகிற எனக்கு இந்த வரலாற்றில் முதலில் பிடித்துப்போன இடம் இதுதான்! ஆனால் அந்த முறையில் ஒரு முறை படம் பிடித்தால் வெள்ளி பூசிய தகட்டில் ஒரே ஒரு படம்தான் கிடைக்கும். இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடியும் உட்கார வேண்டும். பத்துப் பேருக்குக் கொடுக்கிற சமாச்சாரம் அல்ல.

1851-இல் இரண்டு விஷயம் நடந்தது. இங்கிலாந்தில் ஆர்ச்சர் என்பவர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி நெகடிவ் எடுக்கும் முறையை வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு லீல் நகரத்து பிளான்கார் எவ்ரார் முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் பிரிண்ட் போடும் முறையைத் தந்திருந்தார். இரண்டையும் சேர்த்தால் ஒரு நெகடிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். அதே 1851-இல் மர்செய் நகரத்துப் புகைப்படக்காரர் தொதேரோ தம் பெயர்ச் சீட்டில் பெயருக்குப் பதிலாகத் தம் முகத்தையே ஒட்டிப் பார்த்தார். பாஸ்போர்ட்டிலும் இப்படி முகத்தை ஒட்டலாமே என்றும் அப்போதே யோசித்தார்கள். அரசாங்க அலுவலகங்களில் போட்டோ ஒட்டி ஒட்டிக் கை காய்த்த என்னைப் போன்றவர்கள் அந்த மர்செய்க்காரரை ஒரு முறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எட்டுப் படம், ஒரு தகடு

யோசனை தொதேரோவுடையது என்றாலும் அதை வியாபாரமாக மாற்றியவர் திஸ்தேரி. அந்த்ரே அதோல்ஃப் எழேன் திஸ்தேரி, 1819-இல் பிறந்தவர். 1854 நவம்பர் 27-ஆம் தேதி பாரிஸில் ஒரு காப்புரிமை வாங்கினார். பல லென்சுகள் கொண்ட காமிரா. தகட்டை ஒரு பக்கம் நகர்த்தி மறுபாதியிலும் எடுக்கலாம். இப்படி ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுப் படங்கள். எட்டையும் சேர்த்தே வெயிலில் வைத்து ஒரே காகிதத்தில் பிரிண்ட் போட்டு, கத்தரித்து, அட்டையில் ஒட்டிவிடுவார்கள். எட்டுப் படத்துக்கான வேலை ஒரு படத்துக்கான வேலையாகச் சுருங்கிவிட்டது.

ஒரு டஜன் 20 பிராங்க் என்று விலை வைத்தார். ஒரு பெரிய படத்துக்கே அதைவிடக் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. படத்தின் அளவு ஏறக்குறைய 54 மில்லிமீட்டருக்கு 89 மில்லிமீட்டர். ஒட்டிய அட்டை அதைவிடச் சற்றுப் பெரியது. இன்று நம் அச்சகங்களில் அடிக்கும் விசிட்டிங் கார்டை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். திஸ்தேரியின் படத்துக்கும் அதற்கும் மயிரிழைதான் வித்தியாசம். கை, சட்டைப்பை, பர்ஸ் இவற்றின் அளவு மாறவில்லையே, கார்டு மட்டும் எப்படி மாறும்?

1859-இல் மூன்றாம் நெப்போலியன் இத்தாலியப் போருக்குப் படையோடு போகும் வழியில் படையை வீதியில் நிறுத்திவிட்டுத் திஸ்தேரியின் ஸ்டூடியோவுக்குள் போய்ப் படம் எடுத்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. ஆய்வாளர்கள் இதை நம்புவதில்லை. கதை பொய்யானாலும் திஸ்தேரியின் அட்டையில் 'சக்கரவர்த்தியின் புகைப்படக்காரர்' என்ற பட்டம் மெய்யாகவே அச்சாகியிருந்தது. 1860 வாக்கில் ஐரோப்பா முழுவதும் இந்த அட்டை மோகம் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டில்தான் லண்டனில் மேயால் என்பவர் விக்டோரியா ராணி குடும்பத்தின் படங்களை இதே அளவில் வெளியிட்டார். ராணியின் முகம் சாமானியன் வீட்டு ஆல்பத்தில் அவன் மாமன் மச்சான் படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

முதுகுப் பக்கம்

இப்போது அட்டையைத் திருப்புவோம்.

வெள்ளைக்கருக் காகிதம் மிக மெல்லியது. விட்டால் சுருண்டுகொள்ளும். அதனால்தான் கெட்டி அட்டையில் ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டியபின் அட்டையின் பின்பக்கம் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற இடத்தை எந்த வியாபாரி விடுவான்? புகைப்படக்காரர்கள் அங்கே தங்கள் பெயரை அச்சடித்தார்கள். வாடிக்கையாளர் தம் படத்தை டஜன் கணக்கில் வாங்கி உறவினர், நண்பர்களுக்கெல்லாம் கொடுப்பார். ஒவ்வொரு படத்தின் முதுகிலும் ஸ்டூடியோவின் விலாசம் ஓசிப் பயணம் செய்யும். காசு கொடுத்து வாங்கியவரே விளம்பரத்தையும் சுமந்து போய்ச் சேர்த்தார். கார்டின் ஒரு பக்கம் வேலையின் மாதிரி, மறுபக்கம் செய்தவரின் விலாசம். இதைவிட நல்ல விசிட்டிங் கார்டு ஒரு புகைப்படக்காரருக்கு இருக்க முடியுமா?

ஆரம்பத்தில் அந்த முதுகு மிக எளிமையாக இருந்தது. நடுவில் பெயர், கீழே வீதி, ஊர். இரண்டு மூன்று வரிதான். ஆல்பத்தில் செருகிவிட்டால் பின்பக்கம் தெரியாது என்பதால் பலர் முன்பக்கத்திலும் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் பெயரைப் போட்டார்கள். பார்த்த உடனே பெயர் தெரியும். விவரம் வேண்டுபவர் உருவித் திருப்பிப் பார்ப்பார். நல்ல ஏற்பாடு.

பிறகு வரிகள் கூடின. பிரெஞ்சு அட்டைகளில் அடிக்கடி வரும் சில சொற்களைச் சொல்கிறேன். பிரெஞ்சு வழியில் படித்ததால் எனக்கு இவற்றை எழுத்துக் கூட்டிப் படிப்பதில் ஒரு தனி ருசி.

'லே க்ளிஷே சோன் கோன்செர்வே'. க்ளிஷே என்றால் இங்கே நெகடிவ். நெகடிவுகள் பத்திரமாக வைக்கப்பட்டுள்ளன என்று பொருள். பல அட்டைகளில் இதனோடு ஒரு எண்ணைக் கையால் எழுதியிருப்பார்கள். அந்த எண்ணைச் சொன்னால் மீண்டும் பிரதி கிடைக்கும். இரண்டாவது முறை வாடிக்கையாளர் திரும்பி வர இந்த ஒரு வரிதான் கயிறு. அட்டையிலேயே மிகவும் வேலை செய்கிற வரி இது என்பேன்.

'ஸ்யூக்செசேர்'. வாரிசு என்பதல்ல, கடையை வாங்கி அடுத்து நடத்துபவர். பழைய பெயரைப் பெரிதாகவும் தம் பெயரைச் சின்னதாகவும் போட்டுப் பக்கத்தில் இந்தச் சொல்லைச் சேர்ப்பார்கள். கடை கைமாறினாலும் பெயரின் மதிப்பு கைவிட்டுப் போகக் கூடாது என்பது கணக்கு.

'பிரெவெத்தே எஸ்.ஜே.தே.ஜே.'. என்னைப் போன்ற பழைய குமாஸ்தாவுக்கு இது ஒரு விருந்து. பிரெவெத்தே என்றால் காப்புரிமை பெற்றவர். பின்னால் வரும் நான்கு எழுத்துக்கு 'அரசாங்கத்தின் உத்தரவாதம் இன்றி' என்று பொருள். 1844-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டப்படி காப்புரிமை கேட்டால் அரசாங்கம் பரிசோதிக்காமலே கொடுத்துவிடும். சரக்கு நல்லதா, புதியதா என்று நாங்கள் பார்க்கவில்லை, பொறுப்பு எங்களுடையதல்ல என்று அரசாங்கம் கையைக் கழுவிக்கொள்ளும். காப்புரிமை என்று விளம்பரம் செய்பவர் இந்த நான்கு எழுத்தையும் சேர்த்தே ஆக வேண்டும், சேர்க்காவிட்டால் அபராதம். வியாபாரிகளோ அதையும் ஒரு பட்டம் போல அழகாக அச்சடித்துக்கொண்டார்கள். நான்கு எழுத்தைப் பார்த்த சனங்களும் பெரிய கௌரவம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்!

1870-களுக்குப் பிறகு அட்டையின் முதுகில் இடமே இல்லை. பொருட்காட்சிகளில் வாங்கிய பதக்கங்கள் இரண்டு பக்கமும் பார்க்கும்படி வரிசையாக, அரச சின்னங்கள், காமிராவைச் சுற்றி விளையாடும் இறக்கை முளைத்த குழந்தைகள், ஓவியரின் வண்ணத்தட்டு, உதிக்கும் சூரியன், பின்னாளில் ஜப்பானிய விசிறி, மூங்கில், பறவை. அட்டை கனத்தது, மூலைகள் வளைந்தன, விளிம்பில் தங்க முலாம் ஏறியது. வெளிச்சத்துக்காகக் கண்ணாடிக் கூரை போட்டு மேல்மாடியில் ஸ்டூடியோ வைத்தவர்கள், படியேறச் சலிப்பவர்களுக்காக 'லிஃப்ட் உண்டு' என்றும் போட்டார்கள்.

இந்த அட்டைகளை அச்சடித்துக் கொடுப்பதே தனித் தொழிலாகிவிட்டது. வியன்னாவில் வாக்டல் என்ற நிறுவனம், பாரிஸில் மரியோன் நிறுவனம் என்று அட்டை வியாபாரிகள் பெருகினார்கள். அட்டையின் அடியில் பொடி எழுத்தில் அவர்கள் பெயர் இருக்கும். படம் போட்ட அட்டை தயாராக இருக்கும். நடுவில் உங்கள் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். விளைவு, வெவ்வேறு ஊரிலுள்ள இரண்டு ஸ்டூடியோக்களின் அட்டை ஒன்றுபோலவே இருக்கும். இன்று கம்ப்யூட்டரில் கிடைக்கும் ரெடிமேட் டிசைனில் பெயரை மாற்றிப் போட்டுக்கொள்கிறார்களே, அதே கதை. அலங்காரம் கூடக் கூட ஆளின் அடையாளம் குறைந்துகொண்டே போனது.

ஒரு பெயருக்காக வழக்கு

அடையாளம் என்றால் என்ன என்று தெரிந்து வைத்திருந்தவர் இன்னொருவர். அவர் நதார். ரோமன் எழுத்தில் பார்த்தால் நம்மூர்ப் பெயர் போலவே தெரியும். உண்மைப் பெயர் காஸ்பார் ஃபெலிக்ஸ் தூர்னஷோன். இளமையில் நண்பர்கள் சொற்களின் கடைசியில் 'தார்' என்று சேர்த்து வேடிக்கையாகப் பேசுவார்களாம். அப்படித் தூர்னஷோன் என்பது தூர்னதார் ஆகி, நதார் என்று சுருங்கியது. கேலிச்சித்திரக்காரராக இருந்தபோதே அந்தப் பெயரில் புகழ் பெற்றுவிட்டார்.

தம்பி அத்ரியன் பிழைக்க வழியின்றி இருந்தபோது அண்ணன்தான் பணம் போட்டுப் புகைப்படத் தொழிலில் இறக்கிவிட்டார். தம்பி சிறிது காலத்தில் 'இளைய நதார்' என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார். அண்ணனும் அதே தொழிலுக்கு வந்தபோது பாரிஸில் இரண்டு நதார்கள். பேசிப் பார்த்தும் முடியவில்லை. 1856-இல் தொடங்கிய வழக்கு 1857 டிசம்பரில் மேல் நீதிமன்றத்தில் அண்ணனுக்குச் சாதகமாக முடிந்தது. நதார் என்ற பெயர் ஃபெலிக்ஸ் ஒருவருக்கே சொந்தம் என்று தீர்ப்பாயிற்று. புகைப்படத்தின் வித்தையை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம், வெளிச்சத்தை உணர்கிற மனசைக் கற்றுக்கொடுக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். அதாவது என் பெயரைப் பார்த்து வருகிறவன் இந்தக் காமிராவைத் தேடி வரவில்லை, என்னைத் தேடி வருகிறான் என்றார்.

சொத்துக்காக அண்ணன் தம்பி கோர்ட்டு ஏறுவதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். ஐந்து எழுத்துக்காக ஏறியவர்கள் இவர்கள். ஆனால் அந்த ஐந்து எழுத்துதான் சொத்து. 1860-இல் புல்வார் தே கப்யுசின் 35-ஆம் எண் கட்டடத்துக்கு மாறியபோது, தம் கையெழுத்தையே சிவப்பில் கட்டடத்தின் முகப்பில் பெரிதாக எழுதி வைத்தார். இரவில் காஸ் விளக்கில் அது ஒளிரும். அட்டையிலும் அதே கையெழுத்து. வீதியில் பார்த்தவனுக்கு அட்டை நினைவு வரும். அட்டையைப் பார்த்தவனுக்குக் கட்டடம் தெரிந்துவிடும். பதக்கமும் தேவதையும் வேண்டியிருக்கவில்லை.

படத்தின் உரிமைக்கும் அந்தக் காலத்தில் வழக்கு நடந்தது. இத்தாலியப் பிரதமர் கவூர், ஆங்கிலப் பிரதமர் பாமர்ஸ்டன் இருவரின் படங்களை மற்றவர்கள் நகல் எடுத்து விற்றார்கள் என்று மயேர், பியர்சோன் என்ற ஸ்டூடியோக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் தோற்று, 1862-இல் மேல் முறையீட்டில் ஜெயித்தார்கள். புகைப்படமும் கலையாக இருக்கலாம், அதற்கும் பாதுகாப்பு உண்டு என்றது கோர்ட்டு. ஓவியர் ஆங்கர் உட்படப் பலர் அது கலையே அல்ல என்று மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அட்டையின் முதுகிலுள்ள பெயர் விளம்பரம் மட்டுமல்ல, உரிமைப் பத்திரமும்கூட என்று ஆனது.

முதுகில் ஒட்டிய ஸ்டாம்பு

அமெரிக்காவில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1864 செப்டம்பர் முதல் புகைப்படங்களுக்கும் ரெவின்யூ ஸ்டாம்பு வரி போட்டார்கள். 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட், 50 வரை 3, ஒரு டாலர் வரை 5. ஸ்டாம்பைப் படத்தின் பின்பக்கத்தில் ஒட்டி, புகைப்படக்காரர் தம் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் எழுதி அடித்துவிட வேண்டும். புகைப்படத்துக்கென்று தனி ஸ்டாம்பு இல்லாததால், சீட்டுக்கட்டுக்கு ஒட்டும் ஸ்டாம்பைக்கூட ஒட்டினார்கள். 1866 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வரி நீங்கியது. அன்றைக்கு முணுமுணுத்துக்கொண்டே ஒட்டியிருப்பார்கள். இன்றைக்கோ அந்த ஸ்டாம்பு இருந்தால் அந்தப் படத்தின் காலம் இந்த இரண்டு ஆண்டுக்குள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அரசாங்க முத்திரை என்றைக்கும் வீண்போவதில்லை!

அதே 1864-இல் சோஜர்னர் ட்ரூத் என்னும் கறுப்பினப் பெண்மணி தம் படத்தை இந்த அட்டைகளில் போட்டு விற்றார். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஊர் ஊராகப் போய் அடிமை முறைக்கு எதிராகப் பேசியவர். நிழலை விற்று உடம்பைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்ற பொருளில் ஒரு வரியையும் தம் பெயரையும் படத்துக்குக் கீழே அச்சடித்தார். பின்பக்கத்தில் உரிமை தம்முடையது என்று பதிவு செய்தார். ஒரு காலத்தில் தம் உடம்பே இன்னொருவரின் உடைமையாக இருந்தவர், தம் நிழலுக்கு உரிமை பதிவு செய்துகொண்டார். இந்த அட்டைகளின் வரலாற்றில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது இதுதான்.

அளவைத் தந்தவரும் பெயரைக் காத்தவரும்

திஸ்தேரியின் முடிவு நல்லதாக இல்லை. இடையில் ஒருமுறை திவாலாகி எழுந்தவர். அவருடைய மனைவியும் பிரெஸ்த் நகரில் 'மதாம் திஸ்தேரி' என்ற பெயரில் தனி ஸ்டூடியோ நடத்திய திறமைசாலி. ஆனால் அவர் கண்டுபிடித்த அளவை, ஊரெல்லாம் வெட்டி ஒட்டியபோது அவரால் என்ன செய்ய முடியும்? அட்டையின் அளவுக்கு யாரும் வேலி போட முடியாது. 1866-இல் கேபினெட் என்ற பெரிய அட்டை வந்ததும் மோகம் அங்கே நகர்ந்தது. 1889-இல் பாரிஸ் நகரில் வறுமையில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கோடாக் காமிரா வந்து, வீட்டுக்கு வீடு புகைப்படக்காரர்கள் கிளம்பத் தொடங்கியிருந்தார்கள்.

நதாரும் பணக்காரராகச் சாகவில்லைதான். ஆனால் பெயர் நின்றது. மகன் பால் அதே பெயரில் தொழிலைத் தொடர்ந்தார். அளவும் டிசைனும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். பெயரும் அதன்மேல் விழுந்த நம்பிக்கையும் ஒருவருக்கே உரியது. கார்டு அடிக்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

நம் பக்கத்தில்

நம் நாட்டுக்கும் இந்த அட்டை சீக்கிரமே வந்துவிட்டது. மெட்ராஸில் 1856-லேயே புகைப்படச் சங்கம் ஏற்பட்டது. நிக்கலஸ் கம்பெனி போன்ற ஸ்டூடியோக்கள் மெட்ராஸில் இந்த அளவுப் படங்களைப் போட்டன. வெள்ளைக்காரத் துரைகள் மட்டுமல்ல, பல தொழில் செய்யும் நம் மக்களையும் நிறுத்திப் படம் பிடித்து, சீமைக்கு அனுப்புகிறவர்களுக்கு விற்றார்கள். அந்த அட்டைகளில் ஸ்டூடியோ பெயர் இருக்கும். நிற்கிற நெசவாளி யார், தண்ணீர்க் குடத்தோடு நிற்கிற பெண் யார் என்று மட்டும் இருக்காது. தொழில் அல்லது சாதிப் பெயரோடு சரி.

எங்கள் புதுச்சேரியில் நான் சிறுவனாக இருந்த காலத்தில் பார்த்த ஸ்டூடியோப் படங்களிலும் இந்த வழக்கத்தின் மிச்சம் இருந்தது. படத்தின் பின்னால் ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்பு. பக்கத்தில் பென்சிலால் நெகடிவ் நம்பர். கல்யாணப் படமென்றால் ஸ்டூடியோ பெயர் அழுத்திப் பதித்த சாம்பல் நிற அட்டையில் ஒட்டி, மேலே பட்டர் பேப்பர் போட்டுத் தருவார்கள். அந்தப் பெயரைத் தடவிப் பார்த்தால் விரலுக்குத் தட்டுப்படும். அறுபது வருஷமாகியும் அந்த எழுத்து அழியவில்லை. மைதான் மங்கும், அழுத்தம் மங்காது.

அலுவலகத்தில் பென்ஷன் பேப்பர் தயார் செய்யும் பிரிவில் சில காலம் இருந்தேன். கணவன் மனைவி சேர்ந்து எடுத்த படம் ஒன்று கட்டாயம். வாழ்க்கையில் சேர்ந்து எடுத்துக்கொண்ட முதல் படமே அதுதான் என்று சொன்ன தம்பதிகள் உண்டு. அந்தப் படத்தைப் பசை தடவி பாரத்தில் ஒட்டிவிடுவோம். பெயர் பாரத்தில் இருக்கிறது, கவலையில்லை. ஆனால் படம் பிடித்தவரின் பெயர் பசைக்குள் போய்விடும். இன்றைய செல்போன் படத்துக்கோ முதுகே கிடையாது.

இன்று கார்டு அடிப்பவர்களுக்கு

எங்கள் தெருவில் புதிதாக ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர், "ஐயா, கார்டு ஒண்ணு அடிக்கணும், பார்த்துச் சொல்லுங்க" என்று தம் டிசைனைக் காட்டினார். காமிரா படம் மூன்று, லென்ஸ் வடிவத்தில் ஓர் எழுத்து, கறுப்புப் பின்னணியில் தங்க நிற எழுத்துகள், திருமணம், காதுகுத்து, பிறந்தநாள், பாஸ்போர்ட், டிரோன் என்று பன்னிரண்டு வேலைகளின் பட்டியல். பெயரைத் தேட வேண்டியிருந்தது. பழைய பாரிஸ் அட்டைகளின் கதையைத்தான் அவருக்குச் சொன்னேன். இங்கே சுருக்கமாக.

கார்டின் ஒரு பக்கம் முழுக்க உங்கள் படம் ஒன்று இருக்கட்டும். காமிராவின் படமல்ல, காமிரா பிடித்த படம். தச்சர் தம் கார்டில் உளியைப் போடலாம், ஏனென்றால் கதவைக் கார்டில் ஒட்ட முடியாது. புகைப்படக்காரருக்கு மட்டும்தான் செய்த வேலையையே கார்டாகக் கொடுக்கும் வசதி உண்டு. ஒன்றே ஒன்று போதும். நான்கு படத்தைக் குறுக்கிப் போட்டால் தபால்தலை போலாகிவிடும். யாருடைய முகமாவது இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மறுபக்கம் பெயர். அது கட்டட முகப்பிலும், பில்லிலும், படத்தின் ஓரத்திலும் ஒரே மாதிரி எழுத்தில் வரட்டும். நதார் சொல்லிக்கொடுத்த பாடம். பெயருக்கு அடுத்து எந்த வேலையில் உங்களுக்குக் கை தேர்ந்ததோ அந்த ஒன்று. பன்னிரண்டும் செய்வீர்கள் என்பது நேரில் வந்தால் தெரியும். பிறகு விலாசம், போன் நம்பர். என் வயதுக்காரர்கள் கண்ணாடியைத் தேடாமல் படிக்கிற அளவில் எழுத்து இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் நாங்கள்தான். வழவழப்பான லேமினேஷன் வேண்டாம். நாள், நேரம், தொகை ஏதாவது பேனாவால் குறித்துக் கொடுக்க ஓர் ஓரத்தில் இடம் விட வேண்டும்.

கடைசியாக, அந்தப் பழைய க்ளிஷே வரி. 'உங்கள் படங்கள் எங்களிடம் பத்திரமாக இருக்கும்' என்று ஒரு வரி போட்டு, எத்தனை ஆண்டு என்றும் சொல்லுங்கள். சொன்னால் காப்பாற்ற வேண்டும். ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பின்னால் கை விரிக்கக் கூடாது. பதக்கம் அச்சடிப்பது சுலபம், இந்த ஒரு வரியைக் காப்பாற்றுவதுதான் தொழில். அந்தத் தம்பி பட்டியலைக் குறைத்தார், காமிராக்களை எடுத்துவிட்டார், தங்க எழுத்தை மட்டும் விட மனமில்லை. இருக்கட்டும், இளவயசு.

எழுதாமல் விட்ட பெயர்

அந்தக் கார்த் தெ விஸித்துகளில் ஒரு பெரிய குறை உண்டு. படம் பிடித்தவரின் பெயர், வீதி, பதக்கம், வாங்கிய காப்புரிமை, அரசாங்கம் உத்தரவாதம் தரவில்லை என்பதுவரை எல்லாம் அச்சில் இருக்கிறது. படத்தில் இருப்பவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. எங்கள் வீட்டு ஆள்தானே, எங்களுக்குத் தெரியாதா என்று அன்று யாரும் எழுதவில்லை. இரண்டு தலைமுறை கழிந்ததும் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். பாரிஸின் பழைய சாமான் சந்தைகளில் இப்படிப் பெயரில்லாத தாத்தா பாட்டிகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறார்கள். நெகடிவ் நம்பர் இருக்கிறது. கேட்டுச் சொல்ல ஸ்டூடியோ இல்லை.

நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளிலும் கதை இதுதான். நடுவில் உட்கார்ந்திருப்பவர் யார், பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது யார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்று நாம்தான். நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, பேரப்பிள்ளைகள் கேட்கவும் மாட்டார்கள். ஆகவே இந்த வாரம் ஒரு மத்தியான நேரம் பெட்டியை இறக்கச் சொல்லுங்கள். மையும் பால்பாயிண்டும் வேண்டாம், முன்பக்கம் ஊறிவிடும், அழுத்தினால் தடம் விழும். மெதுவான பென்சில் ஒன்றை எடுத்து, படத்தை வழவழப்பான பலகையில் கவிழ்த்து வைத்து, ஓரத்தில் லேசாக எழுதுங்கள்: பெயர், உறவு, ஊர், தெரிந்தால் வருஷம். வழுவழுப்பான புதுக் காகிதத்தில் பென்சில் பிடிக்காவிட்டால், ஓர் உறையில் எழுதிப் படத்தை அதற்குள் போட்டுவிடுங்கள். அத்தைமார்களில் யாராவது இன்னும் இருந்தால் முதலில் அவர்களிடம் படத்தை எடுத்துப் போங்கள்.